புண்ணாக்கு லாரியில் வந்த சம்பந்தம்

காவாந்தண்டலம்
13-11-79

மரியாதைக்குரிய துரைராஜ் மாமா அவர்களுக்கு,

அக்கா மகன் வரதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் ஆடும் சௌக்கியம். கூரை நேற்றைய மழை வரைக்கும் சௌக்கியம். பெரம்பூரில் நீங்களும் அத்தையும் உடம்பு, மனசு இரண்டிலும் திடமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இதைப் படித்து முடித்ததும் இரண்டும் கொஞ்சம் கெடும்.

புள்ளலூர் சம்பந்தம் முறிந்துவிட்டது. முறித்தவன் நான். முறியும்படி வைத்தவர் நீங்கள். வரதனுக்கு லாரி ஆபீசில் உத்தியோகம் என்று பெண்ணின் தகப்பனார் தாண்டவராயனிடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ஏன் மாமா இப்படி என்று கேட்டதற்கு, "லாரி நெஜந்தானேடா, ஆபீஸ மட்டுந்தான சேத்தேன்" என்றீர்கள். இந்தத் தாலுகாவில் அரிசி, உப்பு, உரம் எதுவும் தானாக நடந்து யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை, எங்கள் முதுகில்தான் போகிறது. மழை வந்தால் லாரிக்குத் தார்ப்பாய் போடுகிறார்கள், எங்களுக்கு ஒரு கோணிச் சாக்கு. முதுகு வேண்டும், முதுகுக்காரனுக்குப் பெண் கிடையாது. அன்றே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் அதே கையோடு பெண் கனகாவின் போட்டோவையும் நீட்டிவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீடு பார்க்கத் தாண்டவராயன் வருவதாக ஏற்பாடு. அம்மா விடிவதற்குள் கேசரி கிண்டி, நீங்கள் அனுப்பிய டெரிகாட்டன் பேண்ட் சட்டையை எனக்கு மாட்டி, பாக்கெட்டில் மை இல்லாத பேனாவைச் செருகி, வாத்தியார் வீட்டு நாற்காலியை இரவல் வாங்கி அதில் உட்கார வைத்தாள். வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது, உத்தியோகஸ்தர்கள் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அப்போது என் ஜோடி கன்னியப்பன் ஓடி வந்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த புண்ணாக்கு லாரி வாய்க்கால் ஓரம் சேற்றில் புதைந்து சாய்ந்து நிற்கிறது, மழை கட்டிக்கொண்டு வருகிறது, நனைந்தால் அத்தனையும் மாட்டுக்குக்கூட ஆகாது, மேஸ்திரி சடையப்பன் உடனே கூப்பிடுகிறார் என்றான். எங்கள் தொழிலில் ஜோடி என்பது பாதிக் கல்யாணம். லாரி மேலிருந்து ஒருவன் மூட்டையைச் சாய்ப்பான், கீழே மற்றவன் முதுகு கொடுப்பான். ஒருவன் வராவிட்டால் இன்னொருவனை வேறு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாது. "நீ மாப்ள, ஒனக்கு கேசரி கீது. எனக்கு இன்னா கீது?" என்றான். எழுந்துவிட்டேன். அம்மா கத்திக்கொண்டே தெருமுனை வரை வந்தாள். சட்டை மாற்ற நேரமில்லை, மூட்டையைக் குத்திப் பிடிக்கிற இரும்புக் கொக்கியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதுகு கொடுப்பவன் திரும்பிப் பார்ப்பதில்லை மாமா, பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். குனிந்து நிற்க வேண்டும், பாரம் விழுந்ததும் தோளுக்கு மேலாகக் கொக்கியை மாட்ட வேண்டும், நடக்க வேண்டும். அப்படியே நின்றேன். பாரம் வந்தது. மாட்டினேன். புண்ணாக்கு மூட்டை எப்படி இவ்வளவு இளைத்தது, ஆலைக்காரன் எடையில் கை வைத்துவிட்டானா என்று அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். மூட்டை இருமியது. அதற்குள் மேட்டுக்கு வந்துவிட்டதால், கைப்பழக்கத்தில் இடுப்பை வளைத்து இறக்கிவிட்டேன். இறங்கியது ஒரு பெரியவர். பஸ் வராமல் லாரி ஏறி மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்தவராம். புது வேட்டியில் சேறு படும் என்று இறங்க மறுத்தவரைக் கன்னியப்பன் என் முதுகில் உட்கார்த்தியிருக்கிறான். "ஆளுடா, மெதுவா" என்று சொன்னானாம், லாரி உறுமிய உறுமலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பெரியவர் சேறு படாமல்தான் இறங்கினார். புது வேட்டி மட்டும் என் கொக்கியில் தங்கிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று ஆரம்பிப்பது வழக்கமல்லவா? மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு, "லாபம்" என்று இழுத்துப் பாடினார். பெரியவர் அண்டிராயரோடு நின்றபடி, பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, லாரி ஆபீஸ் வரதன் வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். கன்னியப்பன் கையை நீட்டினான்.

"அதோ, ஒன் வேட்டியப் புடிச்சிக்கினு நிக்கிறாம் பாரு பெர்சு, அவந்தான்."

தாண்டவராயன் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். வேட்டியை வாங்கி, கிழிசல் உள்ளே போகும்படி கட்டிக்கொண்டு, எதிரே வந்த மாட்டுவண்டியில் ஏறிப் போய்விட்டார். கேசரியை நாங்கள் லோடுமேன்கள் தின்றோம். அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை. ஆட்டிடம் என்னைப் பற்றிப் பேசுகிறாள்.

ஆகவே நீங்கள் உடனே புள்ளலூருக்கு எழுத வேண்டும். என் அக்கா மகன் மூட்டை தூக்குகிறவன், நான் சொன்னது பொய் என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்றால், அது என்னை வேண்டாம் என்பது, தாங்கிக்கொள்வேன். இப்போது அவர் வேண்டாம் என்பது இல்லாத ஒரு குமாஸ்தாவை. அவனுக்காக நான் எதற்குச் சோறு இறங்காமல் கிடக்க வேண்டும்? நீங்கள் எழுதாவிட்டால் நானே போய் அவர் வாசலில் நின்று சொல்வேன்.

அத்தைக்கு வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, மாமன்கள் யாரும் பொய் சொல்லத் தேவையில்லாத வேலைக்குப் போகட்டும்.

கீழ்ப்படிதலும் கோபமும் கலந்து,
வரதன்
லோடுமேன்

பி.கு.: எதையும் எழுத வேண்டாம். தபால் பெட்டிக்குப் போகிற வழியில் அந்தப் புண்ணாக்கு லாரி டிரைவர் சேட்டு என்னை நிறுத்தினார். இன்று காலை புள்ளலூர் வழியாக வந்தாராம். தாண்டவராயன் அங்கே ஊர் முழுக்க, "ஆபீஸ் உத்தியோகம், பேண்டு சட்டை, ஆனா ஒரு கஷ்டம்னா சேத்துல எறங்கி ஆளோட ஆளா நிக்கிறாரு மாப்ள, துளி கர்வம் கெடையாது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அதே மூட்டைதான். லோடுமேன் தூக்கினால் கேவலம், குமாஸ்தா தூக்கினால் குணம். தை மாதம் முகூர்த்தம் பார்க்கிறார்கள். கனகா சேட்டுவைத் தனியாக மடக்கி, அவர் லோடுமேன்தானே என்று கேட்டாளாம். ஆமாம் என்றதும், "நைனா கையில சொல்லிடாதண்ணா. தாலி ஏறட்டும், அப்பால நான் சொல்லிக்கிறேன்" என்றாளாம். ஆகவே உண்மை தை வரைக்கும் பொறுத்திருக்கட்டும். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். வேட்டி போனதற்குத் தாண்டவராயன் சொல்கிற காரணம்: "பேனா புடிக்கிற கை, பாவம், கொக்கி போடத் தெரியல." மீசை முளைப்பதற்கு முன்பிருந்து கொக்கி பிடிக்கிறேன் மாமா, இன்றுவரை ஒரு மூட்டை நழுவியதில்லை.