பெட்டிக்குள் கும்பாபிஷேகம்

"டிவி, தான் காட்டுனதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்குமாப்பா?" என்று வினிதா ஒருநாள் கேட்டாள்.

"அதுக்கு ஏது கண்ணு மூளை?" என்று இளங்குமரன் சிரித்தான்.

மகளிடம் அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போது அவனுக்கு வியர்த்தது. முதலாளி வீட்டு ஹாலில், சோபாவின் நுனியில், கையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

முதலாளி சென்னியப்பன் மொட்டைமாடியில் டிஷ் வைத்துப் புதுப் பெட்டி வாங்கியிருந்தார். கேசட் வேண்டாம்; நிகழ்ச்சியைப் பெட்டியே பதிந்து வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை மலைக்கோயில் கும்பாபிஷேகத்தை நேரடியாகக் காட்டினார்கள். முதலாளியம்மா மருதம்மாள் முழுவதையும் பதிந்துவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை இளங்குமரன் லீவு. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் முதலாளியின் பனியன் யூனிட்டில் அவன் செக்கிங் சூப்பர்வைசர். சரக்கு கப்பலுக்குப் போகிற வாரத்தில் கோயிலுக்கென்று கேட்டால் கிடைக்காது. ஆனால் மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கு வேண்டுதல் பாக்கி இருந்தது. 'சம்சாரத்துக்கு உடம்பு முடியலீங்க' என்று போனில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மலையேறிவிட்டான். தீர்த்தம் தெளிக்கும்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதவனைக் கேமரா தேடிப் பிடித்துத் திரை நிறையக் காட்டியிருக்கிறது.

டீக்கடை ஆறுச்சாமிதான் சொன்னார். "மாப்ளே, டிவியில உன்ர மூக்கு முடியெல்லாம் தெரிஞ்சுதப்பா!"

முதலாளி நல்லவர்தான். பொய் லீவு மட்டும் அவருக்கு ஆகாது. போன வருஷம் பாட்டி செத்துப்போனதாகச் சொல்லிச் சினிமாவுக்குப் போன கட்டிங் மாஸ்டருக்கு அன்று மாலையே சீட்டுக் கிழிந்தது.

இன்று வியாழக்கிழமை. காலையில் மருதம்மாளே போன் செய்திருந்தார்.

"பெட்டி என்னமோ மக்கர் பண்ணுது கண்ணு. ஐயா மத்தியானம் சோத்துக்கு வந்தா கும்பாபிஷேகம் பாக்கோணும்ங்கறார். நீ வந்து பாரு."

வந்தவனிடம் ரிமோட்டைக் கொடுத்தார். "என்ன பண்ணோணுமோ நீயே பண்ணிக்கோ. நான் சமையக்கட்டுக்குப் போறேன். அரை மணி நேரத்துக்கு இந்தப் பக்கமே வரமாட்டேன்."

முருகனே வழிவிடுகிறான் என்று இளங்குமரன் நினைத்தான். பதிவுப் பட்டியலைத் திறந்தான். கும்பாபிஷேகத்தின் மேல் நிறுத்தி அமுக்கினான். அழிக்கவா என்று பெட்டி கேட்டது. கேள்விக்குப் பின்னால் கோபுரம் நின்றது. கோபுரத்தின் மேல் கலசம் மின்னியது.

கட்டைவிரல் இறங்கவில்லை. பொய் சொன்னது ஒரு பாவம். அதை மறைக்கச் சாமியையே அழிப்பதா?

ஒரு நிமிஷத்தை மட்டும் எடுத்தால் போதுமே. கேசட்டாக இருந்தால் சுற்றி, அந்த இடத்தில் வேறு எதையாவது பதிந்துவிடலாம். அதே யோசனையில் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். பெட்டி அப்போது ஓடிக்கொண்டிருந்த சமையல் நிகழ்ச்சியைத் தனியாகப் பதியத் தொடங்கியது. கும்பாபிஷேகம் அப்படியே இருந்தது. பட்டியலில் புதிதாக வெண்டைக்காய்ப் பொரியல் சேர்ந்தது.

பொரியலை அழிக்கப் போனான். பதற்றத்தில் பட்டியல் ஒரு வரி நழுவியது. அழிந்தது பொரியல் அல்ல. மருதம்மாள் சேர்த்து வைத்திருந்த சீரியல், பதினாறு நாள் கதை.

"என்ன கண்ணு, முடிஞ்சுதா?" உள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா... உங்க நாடகம்... கை தவறி..."

"அது கெடக்குது, வருஷமா அழுவறவ இன்னும் அழுவா. வேற ஒண்ணும் அழியலையா?"

"இல்லீங்கம்மா! சாமி பத்திரமா இருக்குதுங்க!"

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. வாசலில் கார் நின்றது.

சென்னியப்பன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "அட, இளங்கு! ஊட்ல சம்சாரத்துக்கு எப்படி இருக்குது?"

"தேவலைங்க முதலாளி."

"பெட்டி சரியாச்சா?"

"இல்லீங்க. சுத்தமா வேலை செய்யலீங்க."

"கொண்டா இங்க." ரிமோட்டை வாங்கித் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு பொத்தானை அமுக்கினார். மேளச் சத்தம் ஹாலை நிறைத்தது. "பாத்தியா! எதுக்கும் தட்டுற விதமா தட்டோணும். இந்தா, நேராத் தீர்த்தம் ஊத்தற இடத்துக்கு ஓட்டு. சோத்துக்கு முன்னால அதைப் பாத்தாப் போதும்."

ஓட்டினான். அர்ச்சகர்கள் எறும்பு மாதிரி ஓடினார்கள். வேண்டுமென்றே கொஞ்சம் தாண்டி நிறுத்தினான்.

"அவசரக்குடுக்கை! பின்னால போ."

பின்னால் போனான். கலசத்தில் தீர்த்தம் விழுந்தது. கூட்டம் அரோகரா போட்டது. கேமரா மெல்லக் கீழே இறங்கியது. மொட்டைத் தலைகள், ஒரு குழந்தை, ஒரு பச்சைத் துண்டு. அடுத்தது அவன்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, பதினொரு வருஷ வேலை எல்லாம் அந்தப் பச்சைத் துண்டின் ஓரத்தில் தொங்கின. இளங்குமரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அரோகரா!"

கண்ணைத் திறந்தான். மருதம்மாள் எரியும் கற்பூரத் தட்டோடு டிவிக்கு நேர் முன்னால் நின்று, சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அகலமான உடம்பு. திரையில் ஒரு விரற்கடைகூடத் தெரியவில்லை.

"மருதா! மறைக்குது, நவுரு!"

"ஏனுங்க, தீர்த்தம் விழுகுது, தீபாராதனை காட்ட வேண்டாமா? கன்னத்துல போட்டுக்குங்க."

சென்னியப்பன் முனகிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருதம்மாள் நகர்ந்தபோது திரையில் கருடன் வட்டமிட்டது.

"தெய்வாதீனம்" என்று இளங்குமரன் தனக்குள் சொல்லிக்கொண்டான். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தான். சமையல்கார ரங்காத்தாள் கேட்டைத் திறந்துவிட வந்தாள்.

"பெட்டி சரியாயிடுச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிருங்கக்கா" என்றான்.

ரங்காத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பெட்டிக்கு என்னங்க கோளாறு? அம்மா செவ்வாக்கிழமையே நாலு வாட்டி பாத்துட்டாங்க. நீங்க வர்ற எடத்துல நிறுத்தி நிறுத்தி, 'பாரு ரங்கு, எப்படி உருகறான்'னு அவங்களும் அழுதாங்க. சாமியை அழிக்க அவங்களுக்குக் கை வரலையாம், நீங்களாச்சும் அழிப்பீங்கன்னு கூப்புட்டாங்க. உங்களுக்கும் வரலை. அதுதான் கற்பூரத்தைப் பத்த வெச்சாங்க. ஐயா எதையும் ரெண்டாவது வாட்டி பாக்கமாட்டாருங்க, தைரியமாப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு விடுமுறை. காலை எட்டரை மணிக்கு இளங்குமரன் தனியாகப் போய்ப் பூட்டைத் திறந்தான். செக்கிங் மேஜையில் குவிந்து கிடந்த பனியன்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிசிறு வெட்டி, மடித்து அடுக்கினான். திங்கட்கிழமைக்குப் பதிலாக ஒரு முழு நாள் வேலை. மாலையில் கதவைப் பூட்டும்போது வருகைப் பதிவேடு மேஜையிலேயே இருந்தது. அதை அவன் திறக்கவில்லை.