எரிந்த கடையின் திருத்திய படம்

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எரிக்கப்பட்ட கடைகளின் உரிமையாளர்களுக்குப் புதிய சந்தைக் கட்டடத்தில் முன்னுரிமை வழங்கப்படும் என்று கண்டியிலுள்ள ஓர் அரசாங்கக் கந்தோர் இரண்டாயிரத்து ஆறில் அறிவித்தது. இவ்விடயத்தில் அவசரம் காட்டப்பட்டதாக எவரும் குற்றம் சொல்ல முடியாது.

கட்டுகஸ்தோட்டைப் பொன்னையாவிடம் ஆதாரம் இருந்தது. புகை அடங்குமுன் யாரோ எடுத்துக் கொடுத்த படம். கரியாகிப்போன பலசரக்குக் கடை, முன்னால் சாரமும் பனியனுமாக அவர், பின்னால் பாதி ஊர். அன்றிலிருந்து பாதையோரத்தில் சாக்கு விரித்து வெங்காயம் விற்பவருக்கு, மழைக்கு நனையாத ஓரிடம் கிடைத்தால் போதும்.

அலுவலர் சுந்தரலிங்கம் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சரிவராது ஐயா. விண்ணப்பதாரியின்ர படம் வெள்ளைப் பின்னணியில இருக்கவேணும். சுற்றுநிருபம் சொல்லுது."

"பின்னால இருக்கிறது கடைங்க."

"ஓம், தெரியுது. அதைத்தான் எடுக்கவேணும்."

ஸ்டூடியோவில் றமீலா படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பொன்னையாவைச் சுற்றி மௌஸால் கோடிழுத்து, ஒரு பொத்தானை அழுத்தினாள். கடை போய்விட்டது. எரித்தவர்களாவது சுவரை விட்டுவைத்திருந்தார்கள்.

"மாமா, சும்மா வெள்ளையா? சுவிட்சர்லாந்து மலை போடவா? இப்ப எல்லாரும் அதான் போடுறாங்க."

"மலை இங்கயே கெடக்கும்மா. வெள்ளையே போடு."

"அப்ப ஒரு கோட்டாவது?"

"கோட்டுப் போட்டவனுக்கு யாரு கடை குடுப்பா?"

வெள்ளைப் படத்தைக் கண்டு சுந்தரலிங்கம் மகிழ்ந்தார்.

"நல்ல வடிவு. ஆனா கடை எங்கை?"

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க!"

"எடுக்கச் சொன்னது ஒரு பிரிவு. சேதத்தைக் காட்டவேணும் எண்டது இன்னொரு பிரிவு. இதைப் பாத்தா, எரியிறதுக்கு உங்களிட்டை ஒண்டுமே இருக்கேல்லை எண்டெல்லோ விளங்குது."

பொன்னையா பழைய படத்தை மறுபடி நீட்டினார். அலுவலர் நெடுநேரம் ஆராய்ந்தார். கருணை பிறந்தது.

"கடைக்கு விலக்குத் தரலாம். பின்னால நிக்கிற ஆக்களுக்குத் தரேலாது. யுத்த காலம், பாருங்கோ. அடையாளம் உறுதிப்படுத்தாத ஒருத்தரையும் ஃபைலுக்குள்ள விடேலாது. ஆளுக்கொரு கிராம சேவகர் கடிதம் கொண்டுவாங்கோ. இல்லாட்டி ஆக்களை எடுங்கோ."

றமீலா படத்தைப் பெரிதாக்கினாள். வாளியில் தண்ணீரோடு சிலர். எண்ணெய் டின்னோடு பலர்.

"வாளிக்காரங்கள வச்சிருவமா மாமா?"

"எல்லாரையுந்தான் எடுக்கச் சொன்னாரு."

ஆள் நின்ற இடத்திலெல்லாம் சுவரின் கரியைப் பிரதியெடுத்துப் பூசினாள். 'அன்றைக்கு நான் அங்கே இல்லை' என்றுதான் ஊரில் எல்லோரும் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தார்கள். இப்போது படமும் அதை உறுதிப்படுத்தியது.

மூன்றாம் முறை போனபோது கந்தோரில் பெரிய வரிசை. கட்டுகஸ்தோட்டையின் எரிந்த கடைக்காரர்களும் எரியாத கடைக்காரர்களும் விண்ணப்பத்தோடு நின்றார்கள்.

"கடை இருக்கு. எரிஞ்சது தெரியுது. வேற ஆக்கள் இல்லை. திறம்!" பேனாவைத் திறந்த சுந்தரலிங்கம் நிறுத்தினார். "அப்ப, அங்க நிண்டது நீங்கள் மட்டும்?"

"படத்துல அப்படித்தாங்க."

"அப்ப எரிச்சது ஆர்?"

பழைய படத்தை ஃபைலுக்குள் விடமுடியாது. பொன்னையா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கடை லெட்சுமணன் நின்றார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. என் தராசைத் தோள்ல வச்சுக்கிட்டு நின்னீங்களே!"

"நானா? படத்துல இருக்கேனா, காட்டு."

இல்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: சம்பவ இடத்தில் விண்ணப்பதாரியைத் தவிர வேறெவரும் இருக்கவில்லை.

படம் வரிசையில் கைமாறியது. ஒவ்வொருவரும் தான் நின்ற இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்று அடுத்தவரிடம் கொடுத்தார்.