வடிவாப் பார்த்து வாங்கிய நாலு டயர்

ஒரு பாஷையில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்தவன், ஒன்றுமே தெரியாதவனைவிட ஆபத்தானவன். ஒன்றும் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டாவது இருப்பான். எனக்கு யாழ்ப்பாணத் தமிழில் ஒரு வார்த்தை தெரிந்திருந்தது. 'வடிவு'. அழகு என்று பொருள். (எங்கள் குரோம்பேட்டையிலும் இந்த வார்த்தை உண்டு. ஆனால் அங்கே அது பக்கத்து வீட்டு மாமியின் பெயர்.) நான் காதலித்த யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஷினியிடம் முதன்முதலாக "நீ ரொம்ப வடிவா இருக்க" என்று சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதை என் மொழிப் புலமைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என்னிடம் பேசும்போது அவள் பாதி ஆங்கிலம், பாதி சென்னைத் தமிழ் என்று மாறிவிடுவாள். அதனால் என் புலமை ஆறு மாதம் சோதிக்கப்படாமலே வளர்ந்தது.

என்னிடம் அப்போது ஒரு கார் இருந்தது. இரண்டே கதவு, செக்கச் செவேலென்ற நிறம், தரையோடு தரையாகப் போகும் உயரம். முன்னால் உறுமும் எஞ்சின் பின் சக்கரங்களைத்தான் சுழற்றும். யாரோ ஓட்டிச் சலித்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஜூலையில் வாங்கினேன். மாண்ட்ரியலில் ஜூலை மாதம் ஒரு பெரிய ஏமாற்றுக்காரன். பனி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். அலுவலக நண்பர் காரைச் சுற்றி வந்து, "டிசம்பர்ல என்ன பண்ணப் போற?" என்றார். "டிசம்பர் வரட்டும் சார்" என்றேன். வந்தது.

டிசம்பர் வருவதற்குச் சில நாள் முன்பு தர்ஷினி எங்கள் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டாள். அவள் அம்மா ராணி ஆன்ட்டி, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். மஞ்சள் பஸ் நிறையப் பிள்ளைகளோடு பதினெட்டுப் பனிக்காலம் ஓட்டியும் ஒரு கீறல் விழாதவர். அவரே என்னைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, டிசம்பர் ரெண்டாம் ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாங்கோ. காரிலயோ வருவியள்?"

"ஆமா ஆன்ட்டி."

"பின் சில்லில ஓடுற கார் எண்டு பிள்ளை சொன்னவள். ரயரை வடிவாப் பாத்துப் போடுங்கோ, என்ன?"

சில்லு என்றால் சக்கரம் என்று ஊகித்துக்கொண்டேன். வடிவுக்கு ஊகமே தேவைப்படவில்லை. அதுதான் நம்ம ஏரியா ஆயிற்றே! டயர் அழகாக இருக்க வேண்டும் என்கிறார். மாப்பிள்ளையின் ரசனையைச் சோதிக்கிறார். தர்ஷினி வேறு, "அம்மா உன் முகத்தைப் பாக்க மாட்டாங்க, டயரைத்தான் பாப்பாங்க" என்று பயமுறுத்தியிருந்தாள். என் கல்யாணமே நாலு ரப்பர் வளையத்தில் தொங்குகிறது என்பது தெளிவாகிவிட்டது.

நான் குடியிருந்த வில்லரேயில் என் தெருமுனையிலேயே ஒரு டயர் கடை இருந்தது. கடைக்காரர் தாடி வைத்த கியூபெக்காரர், நல்ல மனுஷர். காரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். பிறகு உள்ளே போய், கருப்பு இரும்பு ரிம்மில் மாட்டிய ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான டயர், பக்கவாட்டில் மட்டும் உப்பியிருந்தது. அகலம் குறைந்த டயர் பனியை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும், அகலமானது பனி மேல் மிதக்கும், பின்னால் கனம் இல்லாத கார் என்பதால் டிக்கியில் இரண்டு மணல் மூட்டை போட்டுக்கொள் என்று பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினார். ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம் என்று இன்று தெரிகிறது. அன்று என் கண்ணில் பட்டதெல்லாம், பரதநாட்டியம் ஆடப் போகிறவளுக்கு ரப்பர் பூட்ஸ் மாட்டிவிட்ட மாதிரி இருந்ததுதான்.

"சே லே, மே சா மார்ஷ்" என்றார். (அசிங்கம்தான், ஆனால் வேலை செய்யும்.)

அசிங்கம் என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கென்ன தயக்கம்? எதிர்ச் சுவரில் நாலு டயர் மாட்டியிருந்தது. அகலமோ அகலம். வெள்ளி ரிம், விளிம்பில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. பனிக்கால டயருக்குச் சட்டம் கேட்கும் பனிச்செதில் முத்திரையும் அதில் இருந்தது. சட்டத்துக்கு முத்திரை, ஆன்ட்டிக்கு வடிவு! கடைக்காரர் இரண்டு தரம் "நிச்சயமாகவா?" என்று கேட்டார். இரண்டு தரமும் இளித்தேன். மணல் மூட்டையை வேண்டாம் என்றுவிட்டேன். சிவப்புக் காருக்கு மூட்டை தூக்கும் வேலையா?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது. நான் காலையில் டயர்களுக்குப் பாலிஷ் போட்டேன். (ஆமாம், பனியில் உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால்.) பெரிய சாலைகளை வாரிவிட்டிருந்ததால் பாலம் தாண்டி லொங்குய் வரை தப்பித்துவிட்டேன். வழியில் இரண்டு சிக்னலில் காரின் பின்பக்கம் லேசாக இடுப்பை ஆட்டியது. ஸ்போர்ட்ஸ் கார் அல்லவா, உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டு வாசலில், பனிக்காலத்தில் காருக்குப் போடும் வெள்ளைத் துணிக் கூடாரம் ஒன்று இருந்தது. பனி வாரும் வண்டி தெருவைச் சுத்தம் செய்த கையோடு வாசல் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புக் கட்டிவிட்டுப் போயிருந்தது. ஜன்னலில் மூன்று முகங்கள் தெரிந்தன. இறங்கி பனி வாரும் ஷவல் ஒன்று கேட்டு வாங்கியிருக்கலாம். மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை. வேகமாகப் போனால் ஏறிவிடும் என்று காலை அழுத்தினேன்.

முன்பக்கம் வரப்பில் ஏறியது. பின்பக்கம் ஏற மறுத்து, அங்கேயே சுழன்று, என்னை முந்திக்கொண்டு வீட்டுக்குள் போகப் பார்த்தது. உலகம் ஒரு அரைச் சுற்றுச் சுற்றியது. பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம். கூடாரத்தின் கம்பி. அடுத்த நொடி கூடாரம், அதன் தலையிலிருந்த பனி, எல்லாமாகச் சேர்ந்து என் மேல் இறங்கின. எல்லாப் பக்கமும் வெள்ளை. செத்துப்போய்விட்டேன், சொர்க்கத்திலும் ஹீட்டர் ஓடுகிறது என்று தோன்றியது. பெண் பார்க்க வந்தவன் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

"தம்பி, உயிரோட இருக்கிறியளோ?"

"இருக்கேன் ஆன்ட்டி."

"அப்ப முதல்ல எஞ்சினை நிப்பாட்டுங்கோ. புகை உள்ளுக்க வரும்."

அவமானத்தில் எனக்கு மூளை உறைந்துபோயிருந்த நேரத்தில் அவருக்கு அது தோன்றியது. அந்தக் கணத்தில் ஆரம்பித்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை. துணியை வழித்துக் கதவைத் திறந்துவிட்டார். நைட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட், காலில் பெரிய பூட்ஸ். திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் நேராகப் பின்பக்கம் போய் டயரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆர் தம்பி உங்களுக்குத் தந்தது?"

இதுதான் சமயம் என்று நிமிர்ந்தேன். "நீங்க சொன்ன மாதிரியே ஆன்ட்டி, வடிவா பாத்து நானே எடுத்தேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்க!"

ஆன்ட்டி பின்னால் வந்து நின்ற மகளைப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ," என்றாள் தர்ஷினி. "வடிவா பாருன்னா கவனமா பாருன்னு அர்த்தம்டா!"

ராணி ஆன்ட்டி அப்படியே பனிக்குவியலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாசலில் நின்ற அங்கிள், தர்ஷினியின் அப்பா, ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அவரே குலுங்கினார். நான் மட்டும் என் அழகான டயர்களோடு தனியாக நின்றேன்.

பிறகு அந்த அம்மாள் செய்ததுதான் வித்தை. கம்பியை நிமிர்த்தினார். சக்கரத்தைச் சுற்றிப் பனியை வாரினார். "இஞ்சேருங்கோ, அந்த ரெண்டு அரிசி மூட்டையையும் கொண்டு வாங்கோ" என்று அங்கிளுக்கு உத்தரவு. இரண்டு இருபது கிலோ மூட்டை டிக்கிக்குள் போயின. அதுவும் போதாமல் அங்கிளையே மடித்துப் பின் சீட்டில் திணித்தார். (அந்தச் சீட் ஒரு கைப்பைக்காகச் செய்யப்பட்டது. அங்கிள் நல்ல ஆகிருதி.) நான் யாருக்கும் கொடுத்திராத ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டாவது கியரைப் போட்டார்.

"பாருங்கோ தம்பி. மிதிக்கக் கூடாது. தடவ வேணும்."

கார் பூனைபோல வெளியே வந்தது. அதோடு விடவில்லை. அந்த மோசமான டயர்களை வைத்துக்கொண்டே தெருமுனை வரை போய், திரும்பி, ஒரு கையால் வளைத்து வாசலில் அளவெடுத்த மாதிரி நிறுத்தினார். என் கார் அவ்வளவு அழகாக ஓடி நான் பார்த்ததே இல்லை. இறங்கும்போது ஆன்ட்டியின் முகம் சின்னப் பெண்ணின் முகம்போல இருந்தது.

"கார் வடிவாத்தான் கிடக்கு" என்றார்.

அன்று கணவாய் மீன் கறியோடு சோறு போட்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கூடாரத்தையே சாய்த்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிளம்பும்போது டிக்கியைத் திறந்து அரிசியை எடுக்கப் போனேன். அங்கிள் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும். மார்ச்சில கொண்டு வாங்கோ."

எனக்குப் புரியச் சற்று நேரமானது. மார்ச்சில் நான் அந்த வீட்டுக்கு வரலாம் என்று அர்த்தம். பாலம் முழுக்க அழுதுகொண்டே, மிதிக்காமல் தடவிக்கொண்டே ஓட்டினேன். மறுநாளே தாடிக்காரரிடம் போய் அந்த ஒல்லி டயர்களை வாங்கினேன். அவர் காரிலிருந்த மூட்டைகளை மட்டும் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தப் பனிக்காலம் முழுவதும் கார் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. மார்ச்சில் அந்த அரிசியில்தான் எங்கள் நிச்சயதார்த்தத்துக்குப் பொங்கியது.

இப்போதும் கார் இருக்கிறது. முதல் பனிக்கு முன்பு ராணி ஆன்ட்டி, இப்போது என் மாமி, இரண்டு அரிசி மூட்டையோடு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் கத்தரிக்காயை வடிவாப் பார்த்து வாங்கச் சொன்னாலும் "எந்த வடிவு?" என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன். போன மாதம் ஒரு விருந்தில் யாரோ தர்ஷினியிடம், இந்தச் சென்னை மாப்பிள்ளையை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்கள்.

"நான் வடிவாப் பாத்துத்தான் எடுத்தனான்" என்றாள்.

எந்த அர்த்தத்தில் என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

"ரெண்டுமில்லைத் தம்பி. உங்கட காரைப் போலப் பின்னுக்குப் பாரமில்லாத சாமானாத்தான் எடுத்தவள். நாங்கள் அரிசி போட்டு ஓட்டுறம்."