இல்லாதவற்றின் பட்டியல்

சக்கரத்தையும் நெருப்பையும் அடுத்து மனித குலம் கண்ட மாபெரும் சாதனை, தென்காசி தாணுமாலயன் தம் ‘சாரல் மார்க் மிக்சர்’ பொட்டலத்தில் ஒட்டிய லேபிள்தான். மற்ற இரண்டையும் யார் கண்டுபிடித்தார்கள் என்பதில் சந்தேகம் உண்டு. இதில் இல்லை.

பொட்டலத்துக்குள் இருப்பதை வெளியே எழுத வேண்டிய காலம் வரப்போகிறது என்று வியாபாரிகள் சங்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. கூட்டம் கலங்கியது. உள்ளதை எழுதினால் எதிர்க்கடைக்காரன் மறுநாளே அதைச் செய்துவிடுவானே! தாணுமாலயன் எழுந்தார். “இருக்கதை எழுதினாத்தானவே காப்பியடிப்பான்? இல்லாததை எழுதுவோம்” என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

லேபிள் வந்தது. ‘மரத்தூள் இல்லை. செங்கல் பொடி இல்லை. சீயக்காய் இல்லை. பல்லி அறவே இல்லை.’ ஊர் மெய்சிலிர்த்தது. பல்லி இல்லை என்று எழுதியே கொடுக்கிற கம்பெனி வேறு எங்கே உண்டு?

இந்தப் பெருமையில் பங்குகொள்ளும் பாக்கியம் ஆனி மாதம் நம்பிராஜனுக்குக் கிட்டியது. வாசுதேவநல்லூர் தபாலாபீஸ் குமாஸ்தாவான அவர் தாணுமாலயனின் மகள் ரெங்கம்மாளுக்குத் தாலி கட்டினார். சாரல் தொடங்கியிருந்ததால் மாமனாரே புதுத்தம்பதியைக் குற்றாலத்துக்கு அழைத்து வந்து அறை எடுத்துக் கொடுத்தார். முதல் காரியம் போட்டோ. அருவி பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தாலும், போட்டோக்காரர் திரைச்சீலையில் வரைந்த அருவிக்கு முன்னால்தான் நிறுத்தினார். நிஜ அருவி ஆடுகிறதாம். கல்யாண அலைச்சலில் கன்னம் ஒட்டிய முகத்தோடு ஒரு படம் ஆயிற்று. “குளிச்சிட்டு வாங்க. முகம் தெளிஞ்சிரும். இன்னொண்ணு எடுப்போம்” என்றார் போட்டோக்காரர்.

அறைக்குத் திரும்பியதும் மாமனார் பொட்டலத்தைப் பிரித்துத் தம் கையாலேயே நீட்டினார். மாமனார் கையால் கொடுப்பதைப் புது மாப்பிள்ளை மறுத்தால், அது சம்பந்தத்தையே மறுத்த மாதிரி.

நம்பிராஜன் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலக்கடலை அவர் உடம்புக்குச் சேராது. பள்ளிக்கூட வயதில் ஒரேயொரு கடலை மிட்டாய் அவரை மூச்சுத் திணறடித்து ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தது.

“மாமா, இதுல நிலக்கடலை உண்டுமா?”

“லேபிளைப் படிங்க மாப்ளே.”

“படிச்சேன். இல்லாததுல நிலக்கடலை வரலை.”

“வரலைல்லா? அதைப் பத்திக் கம்பெனி அபிப்பிராயம் எதுவும் சொல்லலை.”

ரெங்கம்மாள் இடையில் புகுந்தாள். “எப்பா, அவுகளுக்கு ஆகாதுன்னு சொல்லுதாக. உண்டா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“ஏட்டி, சங்கத் தீர்மானம். உங்க அம்மைக்கே நான் இன்னும் சொல்லலை.”

நம்பிராஜன் மிக்சரைக் கிளறிப் பார்த்தார். கடலை ஒன்றும் கண்ணில் படவில்லை. சம்பந்தத்தை நினைத்து ஒரு கை அள்ளி வாயில் போட்டார்.

முதலில் உதடு தடித்தது. பிறகு கன்னம். பிறகு கண்கள் உள்ளே போய் ஒளிந்துகொண்டன.

“மாப்பிள்ளைக்கு முகத்துல என்னமா களை வந்திட்டு!” என்று மாமனார் மகிழ்ந்தார்.

அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் கூடி ஆலோசனை நடத்தினார்கள். ஐந்தருவித் தண்ணீர் பட்டால் அமுங்கும் என்றது ஒரு கட்சி. பழைய அருவிதான் என்றது மறு கட்சி. ஓட்டெடுப்பு நடப்பதற்குள் நம்பிராஜனின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. ரெங்கம்மாள் ஓடினாள். அடுத்த அறையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த தென்காசி டாக்டர் அகமது கபீரை, மருந்துப் பெட்டியும் கையுமாகச் சொட்டச் சொட்ட இழுத்து வந்தாள்.

“என்ன சாப்பிட்டாக?”

“சாரல் மார்க்” என்றார் தாணுமாலயன், பெருமையோடு.

“அதுல என்ன இருக்கு?”

“மரத்தூள் கிடையாது டாக்டர்.”

“சரி.”

“செங்கல் பொடியும் கிடையாது.”

“அண்ணாச்சி, இல்லாததுக்கு என்னால ஊசி போட முடியாது. இருக்கதைச் சொல்லுங்க. மூச்சு அடைக்குது அவுகளுக்கு.”

தாணுமாலயன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிர்க்கடைக்காரன் இல்லை. கதவைச் சாத்தினார். டாக்டரின் எண்ணெய்க் காதில் ஏதோ ஓதினார்.

“நிலக்கடலைப் பிண்ணாக்கா?” என்றார் டாக்டர், பெட்டியைத் திறந்துகொண்டே.

“மெல்லப் பேசுங்க. கடலைமாவு விக்கிற விலைக்குப் பாதிக்குப் பாதி கலக்கதுதான்…”

“மாட்டுக்கு வைக்கதுல்லா அது?”

“மாடு ஒருநாளும் குறை சொன்னதில்லையே டாக்டர்.”

“பல்லியே கிடந்திருக்கலாம் எப்பா” என்றாள் ரெங்கம்மாள்.

ஊசி வேலை செய்தது. மூச்சு திரும்பியது, முகம் மட்டும் திரும்பவில்லை. பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்தாற்போல் நம்பிராஜன் சாய்ந்து உட்கார்ந்திருக்கையில், போட்டோக்காரர் கேமராப் பெட்டியோடு வாசலில் நின்றார். “ரெண்டாவது படம் பாக்கி இருக்கு.” மாமனார் மாப்பிள்ளையை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு ஞானஒளி படர்ந்தது. “எடும்” என்றார்.

அடுத்த மாதம் வாசுதேவநல்லூர்க் கடையில் புது லேபிள் தொங்கியது. இடப்பக்கம் ஒட்டிய கன்னத்தோடு நம்பிராஜன்: ‘உண்ணும் முன்.’ வலப்பக்கம் உப்பிய கன்னத்தோடு நம்பிராஜன்: ‘உண்ட பின்.’ அடியில், ‘ஒரே கை மிக்சரில் இவ்வளவு புஷ்டி!’ இல்லாதவற்றின் பட்டியலிலும் குறைவில்லை. ‘எலி இல்லை’ புதிதாகச் சேர்ந்திருந்தது.

நம்பிராஜன் தம் முகத்தை வெகுநேரம் படித்தார். மாமனாரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்று ஒளிவுமறைவில்லாமல் வெளியே போட்ட முதல் வியாபாரி அவர்தான். எழுத்தில் போட மனம் வராமல், மாப்பிள்ளை முகத்தில் போட்டிருந்தார்.