மூன்று மணி மீன்கள்

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது.

"மீன் வரலியே?" மூக்கடைத்த ஆண் குரல். நாலு நாளாக அதே குரல், அதே கேள்வி.

"நிகழ்ச்சியை மாத்திட்டோம் சார். இப்ப தொப்பை குறைக்கிற பெல்ட் வருது. பாருங்க, நல்லா இருக்கும்" என்றார் பட்டியல்காரர்.

"எனக்குத் தொப்பை இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது குரல்.

எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்று பட்டியல் போடுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கேபிள் சேனலில் அதைத்தான் செய்கிறார். அவர் சேரும் முன்பு அது இரண்டே அறை. ஒரு செய்தி, ஒரு சமையல், நாலு பாட்டு, அவ்வளவுதான் சரக்கு. மூன்றிலிருந்து மூன்றரை வரை போட ஒன்றுமில்லை என்று வரவேற்பறை மீன்தொட்டியை அரை மணி நேரம் படம் பிடித்து, அதையே தினமும் ஓட்டினார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் மெல்லிய இரண்டு வளையல் போட்ட ஒரு கை வரும். ஒரு சிட்டிகை தீனி போட்டுவிட்டுப் போகும். யார் கை என்று அவரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை.

இப்போது இருபத்துநாலு மணி நேரமும் சேனல் ஓடுகிறது. சீரியல், அதன் மறு ஒளிபரப்பு, இரண்டையும் தப்பவிட்ட புண்ணியவான்களுக்காக அதன் சுருக்கம். போன திங்கட்கிழமை முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் மேஜையைத் தட்டினார். "அந்த மீனைத் தூக்குங்க. நாம டிவி நடத்துறோமா, மீன் வளக்குறோமா?"

தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்துதான் இந்தப் போன்.

வேறொருவராக இருந்தால் போனை எடுக்காமல் விட்டிருப்பார். பட்டியல்காரருக்கோ மனசு கேட்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு மீன் கடைக்குப் போய்ப் படம் பிடித்து, பெல்ட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் செருகினார்.

போன் அடித்தது. "இது வேற தொட்டி."

மறுநாள் வரவேற்பறைத் தொட்டியையே எடுத்தார். "கை எங்கே?" என்றது குரல். அதற்கும் மறுநாள் தன் கையையே விட்டார். "இது ஆம்பளைக் கை. மீனை அடிக்கிற மாதிரில்ல போடுது?" என்றது.

"சார், அந்தப் போன் பத்தி..." என்று ஆரம்பித்தார், வரவேற்பறையில் போன் இணைப்புக் கொடுக்கும் அக்கா.

"இருங்கக்கா, எனக்கு இப்ப ஒரு பொம்பளைக் கை வேணும்" என்று ஓடினார் பட்டியல்காரர். அக்கா தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

செய்தி வாசிக்கும் பெண் கை கொடுத்தாள். அவள் நகத்தில் ரத்தச் சிவப்பில் பாலிஷ். அன்று நாற்பது போன். முப்பத்தொன்பது பேர் அந்த பாலிஷ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும் எதுவும் கேட்காமல் வைத்துவிட்டார். பெல்ட் கம்பெனிக்காரர் நேரே மாடிக்குப் போய்ச் சத்தம் போட்டார்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். போன வருஷம் மனைவி இறந்ததிலிருந்து அவர் அந்த அறையைவிட்டு இறங்குவதே அபூர்வம்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"ஒரு நேயர் தினமும் கேக்கறார் சார். பாவமா இருக்கு."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னொரு தடவை தப்பான மீன் வந்துச்சுன்னா, நீங்க வீட்டுல உக்காந்துதான் டிவி பாக்கணும்."

அடுத்த நாள் அந்தக் குரல் தழுதழுத்தது. "அந்தப் பழைய கேசட்டையே போடக் கூடாதா? ஒரே ஒரு தடவை?"

"போடறேன் சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேசட் அறைக்கு ஓடினார். 'மீன், அரை மணி' என்ற அட்டைக்குள் பெல்ட் விளம்பரம் இருந்தது. பழையதை அழித்து அதன்மேல் பதிவு செய்யச் சொன்ன சீட்டும் கூடவே இருந்தது. கையெழுத்து பட்டியல்காரருடையதேதான். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி விஷயத்தைக் கேட்டாள்.

"இதுக்கா இந்த மூஞ்சி? பொண்ணு சின்னதுல மீனைக் காட்டினாத்தானே வாயைத் திறப்பா? நீங்கதான் டிவியிலேருந்து பதிஞ்சு கொடுத்தீங்க. பீரோவுல இருக்கு."

பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கேசட்டில் அவள் அன்றைக்குச் சோற்றுக் கையால் பதித்த விரல் தடம் அப்படியே இருந்தது.

வேலை போனால் போகட்டும் என்று மறுநாள் மூன்று மணிக்கு அதை ஒளிபரப்பினார். படத்தில் கோடு கோடாக விழுந்தாலும் மீன்கள் பழைய மீன்கள்தான். மூன்று இரண்டுக்குப் போன் அடிக்கவில்லை. மூன்று பன்னிரண்டுக்கு வளையல் கை வந்தது, தீனி போட்டது, போனது. அப்போதும் போன் ஊமையாகவே இருந்தது.

மாடிக்கு ஃபைல் கொண்டுபோயிருந்த அக்கா இறங்கி வந்தார்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலக்கா. இத்தனை பாடுபட்டுப் போட்டேன், அந்த மனுஷன் பாத்தாரா இல்லையான்னே தெரியல."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதைத்தான் சார் அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க? அந்தப் போன் வெளியிலேருந்து வந்ததே இல்ல, மாடியிலேருந்துதான் வந்துச்சு. இப்பப் போய்ப் பாருங்க, 'போதும்டி, எத்தனை தடவை சொல்றது, மீனுக்கு வயிறு வெடிச்சிடும்'னு முதலாளி டிவியில வந்த கையோட சண்டை போட்டுக்கிட்டிருக்கார்."