டீசல் காக்காவின் கிணறு

தன் கிணறு நாசமாய்ப் போனதற்காக நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர் கல்முனையில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரும் போயும் போயும் எனக்கு அடுத்த வீட்டு வளவில் வந்து வாய்த்தார். சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கும். எங்களுக்கு அவர் டீசல் காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

அந்தப் பெயர் வருவதற்கு முன் அவர் வெறும் ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர். எங்கள் ஒழுங்கை தெருவோடு சேரும் தலைப்பில் நெடுநாளாக மூடிக் கிடந்த பெற்றோல் செட் ஒன்றின் நிலத்தடித் தாங்கி துருப்பிடித்து, மிச்சமிருந்த டீசல் யாருக்கும் சொல்லாமல் மணலுக்குள் இறங்கியிருக்கிறது. ஒருநாள் காக்கா வீட்டுக் கிணற்றில் கை கால் முகம் கழுவி வுழூச் செய்துவிட்டு பள்ளிக்கு அசர் தொழுகைக்கு வந்தார். ஸஃப் வரிசையில் அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் மெல்ல விலகினார்கள். தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு லொறியை நிறுத்தலாம் போல இருந்தது.

அதிகாரிகள் வந்து ஒழுங்கைக் கிணறுகளிலெல்லாம் தண்ணீர் எடுத்துப் போனார்கள். காக்காவின் கிணற்றில் டீசல். எங்கள் கிணறு சுத்தம். வேலைக்குப் பொறுப்பாக வந்த பொறியியலாளர் மிஸ் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாதீங்க சேர். நிலத்துக்கடித் தண்ணி கடல் பக்கமாப் போகக்குள்ள எண்ணெயும் கூடப் போகுது. இன்னும் உங்கட கிணத்துக்கு வரல்ல."

வாய் அல்ஹம்துலில்லாஹ் என்றது. மனம் அந்த 'இன்னும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் காக்காவின் வாசலில் அதற்குள் பெருநாள் தொடங்கியிருந்தது.

தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி அவர் கேற்றடியில்தான் நிற்கும். செட்டில் தாங்கியைத் தோண்டி எடுத்து, நாற்றமடித்த மண்ணை லொறியில் ஏற்றியபோது, எந்த மண் போக வேண்டும், எது இருக்கலாம் என்று காக்காதான் கை நீட்டிக் காட்டினார். யாரும் அவரைக் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. பிறகு அவர் வளவுக்குள் நீலத் தாங்கிகள் வந்தன. கிணற்றுத் தண்ணீரை மோட்டர் இறைக்கும், ஒரு தாங்கியில் எண்ணெய் மேலே மிதந்து பிரியும், அடுத்த தாங்கியில் தண்ணீர் கரிக்குள்ளால் போய் வெளியே வரும். இதைப் பார்க்கப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்தார்கள்.

காக்கா பழைய குரலை வெளியே எடுத்தார். "பின்னால போங்க, பின்னால நல்லா எடமிரிக்கி. முன்னுக்கு நிக்கிற தங்கச்சி, மோட்டர மறைக்காதீங்க." கரி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், வயிற்றுவலிக்கு ஓமத்தண்ணீர் மாதிரி என்பார். பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் தொப்பி போட்டு, பொத்தான் பூட்டி, மோட்டரில் ஒரு கையை வைத்தபடி காக்கா நின்றார். நான் இந்த ஒழுங்கையில் இருந்துகொண்டு எத்தனையோ வருடமாகப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். என்னைப் பார்க்க ஒரு சைக்கிள்கூட வந்ததில்லை.

என் மனைவியும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வளவுக்குக் கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து போகிறார்கள், நம்முடைய கிணற்றுக்கு என்ன குறை என்று கேட்டாள். குறை இல்லாததுதான் குறை என்று நான் எப்படிச் சொல்வது? தினமும் காலையில் கிணற்றுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். ஒருநாள் மணப்பது போலவே இருந்தது. ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் சோதிக்க அனுப்பினார். நல்ல தண்ணீர், தாராளமாகக் குடியுங்கள் என்று பதில் வந்தது. சுற்றி நின்றவர்களுக்கு முன்னால் காக்கா என் தோளைத் தட்டி, "பரவால்ல தம்பி, எல்லாருக்கும் கிடைக்கிறல்ல" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாதங்கள் போயின. மோட்டர் சத்தத்திலும் டீசல் நாற்றத்திலும் காக்காவுக்குத் தலையிடி பிடித்தது. அட்டாளைச்சேனையில் கட்டிக்கொடுத்த மகள் வந்து அழுதாள். வாப்பாவும் உம்மாவும் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்றாள். மனைவியை அனுப்பிவிட்டு இவர் மட்டும் அசையாமல் இருந்தார். கரண்ட் போய் வரும்போதெல்லாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் மோட்டரைப் போட்டார். படம் எடுக்க ஆள் வராமல் போய்விடும் என்ற பயம்தான் இந்த மனிதருக்கு என்று நான் மிஸ்ஸிடமே சொன்னேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "சேர், அந்த மோட்டர் இறைக்கிறதாலதான் எண்ணெய் எல்லாம் அவர்ர கிணத்துக்கு இழுபட்டு வருது. அது நாள்கணக்கா நிண்டா மற்றப் பக்கம் போயிரும். அடுத்த கிணறு உங்கட."

"காக்காவுக்கு இது தெரியுமா?"

"முதல்லயே சொல்லிட்டம். ஆள் வைக்கட்டா எண்டு கேட்டன். தான் பாத்துக்கொள்றன் எண்டார்."

நேரே அவர் வளவுக்குப் போனேன். அவர் நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு தாங்கி நிழலில் கதிரை போட்டிருந்தார். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சென்னா நீங்க நன்றி செல்லுவீங்க தம்பி" என்றார். "அதுக்கு மறுகா என்னப் பாத்து வயிறெரியிறதுக்கு இந்த ஒழுங்கையில ஆரிரிக்கா?"

கடைசியில் ஒருநாள் அவர் கிணறும் சுத்தம் என்று சோதனையில் வந்துவிட்டது. தாங்கிகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். காக்கா ஒழுங்கைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, ஒரு வாளி அள்ளி, கிளாஸ்களில் ஊற்றி வைத்தார். யாரும் கை நீட்டவில்லை. ஒருவருக்கு நோன்பு, ஒருவருக்குத் தடிமன் காய்ச்சல். மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த அவர் மனைவிகூட, தான் இப்போதுதான் தேத்தண்ணி குடித்ததாகச் சொன்னார். கொண்டக்டர் குரல் எங்கோ போய்விட்டது. கிளாஸ்களைப் பார்த்தபடி அவர் தனியே நின்றார்.

நான் ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

"எப்பிடி?" என்றார், மெல்ல.

எங்கள் கிணற்றில் கொஞ்சம் உப்புக் கரிக்கும். அந்த மனிதரின் தண்ணீர், யா அல்லாஹ், இளநீர் மாதிரி இருந்தது. வயிறு எரிந்தது எனக்கு. இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தேன்.