ஒற்றை வரிச் சீர்திருத்தம்

சரியாக முப்பத்தொன்பது மணி நேரம் நீடித்தது அந்தப் பொற்காலம். மின்னஞ்சல் தொல்லையிலிருந்து மனிதகுலம் முதன்முதலாக விடுதலை பெற்றது, தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலேற்றிக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில்தான்.

அதற்கு வித்திட்டவள் கணினிப் பிரிவின் ஒரே ஊழியர் அனிஷா. சேர்ந்து ஐந்து மாதம். ஆறாம் மாதம் வேலை நிரந்தரமாவதும் வீட்டுக்குப் போவதும் மேலாளர் வீரபாகுவின் ஒரு கையெழுத்தில் இருந்தது.

ஸ்பேம் வடிகட்டியில் ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. அதில் பெயருள்ள நிறுவனத்தின் மின்னஞ்சல் நேரே உள்ளே வரும். மற்றவை, வடிகட்டிக்குச் சந்தேகம் வந்தால் குப்பைக்குப் போகும். பட்டியலில் நூற்று அறுபத்து மூன்று வரிகள். ஒரே கப்பல் கம்பெனிக்குக் கிளை கிளையாக ஒன்பது வரி.

“கம்பெனிக்கு ஒரு வரி போதும் சார். நாப்பதாக் குறைஞ்சிரும்,” என்றாள் அனிஷா.

வீரபாகு அன்றே கூட்டம் போட்டார். வடை வந்தது.

“நாப்பது எதுக்கு? கப்பல் கம்பெனிக்காரன் நல்லவன்தான?”

“ஆமா சார்.”

“நல்லவனுக்கு எதுக்கும்மா சிபாரிசு? அவன் தன்னால உள்ள வருவான். சந்தேகப்படும்படியான ஆளுக்குத்தான் சிபாரிசு வேணும். காலேஜ் சீட்டுலேர்ந்து கோயில் வரிசை வரைக்கும் அப்படித்தான நடக்கு?”

“வடிகட்டிக்கு அது தெரியாதே சார்.”

“பழகிக்கிடும்.”

இந்தத் தர்க்கம் அனிஷாவின் அறிவியல் பட்டப் பாடத்தில் இல்லை. எல்லா வரிகளையும் அழித்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் வீரபாகு தம் கையாலேயே அடித்தார். அனிஷா அதைத் திரையில் படித்துவிட்டு, சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘எளிமைப்படுத்தும் பணி ஒற்றை வரியில் இனிதே நிறைவுற்றது’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அலுவலகத்தில் அப்படி ஓர் அமைதி. மெயிலே வராததை ‘நிர்வாகத் திறமை’ என்று முதலாளி சங்கரபாண்டியன் மெச்சினார்.

நாற்பதாவது மணி நேரத்தில் நண்டு ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் கிளைட்டன் அனிஷாவிடம் வந்தார்.

“ஏளா, கப்பல் போயிட்டு. என் நண்டு கண்டெய்னர் துறைமுக கேட்டுக்கு வெளிய நிக்கி. ஒருநாள் முன்னாடியே கெளம்புதோம்னு கப்பல் கம்பெனிக்காரன் மெயில் போட்டிருக்கான். யாரு பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தைலத்துக்கும் நடுவே அது குப்பையில் கிடந்தது.

வீரபாகு மிகுந்த துயரத்துடன் முதலாளி பக்கம் திரும்பினார். “சின்னப் புள்ள அண்ணாச்சி. கவனம் பத்தல. இந்த மாசத்தோட அனுப்பிச்சிருவோம்.”

“இரும்வே,” என்றார் முதலாளி. “ஏம்மா, பட்டியல்ல ஒரு வரி மிச்சம் இருக்குல்லா. அது வழியா எதும் வந்துச்சா?”

“வந்துச்சு முதலாளி. மேனேஜர் சார் பெட்டிக்கு மட்டும் நாப்பத்திரெண்டு மெயில்.”

“பெறகென்ன, வேல நடந்திருக்கே. எந்தக் கம்பெனி?”

வீரபாகு இருமினார். இன்னொரு முறையும் இருமினார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அனிஷாவின் குரல் அறையின் மறுகோடி வரை கேட்டது.

“சாத்தான்குளத்துல பிளாட் போட்டு விக்கிற கம்பெனி, முதலாளி. மேனேஜர் சாரோட மச்சினன் நடத்துறது.”